பிரான்சில் வணிகச் சந்திப்பு: பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை விஷயமாகப் பிரான்சுக்குப் போகும் நம்மவர்கள் பலர் தலைகீழாக நடந்துகொள்கிறார்கள். முறை பார்க்க வேண்டிய இடத்தில் சகஜமாக இருந்துவிட்டு, மனதில் பட்டதைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

பெரிய தவறு, 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லாமல் பேச ஆரம்பிப்பது. அலுவலக வரவேற்பில் போய் நின்றதும், "கூட்டம் எந்த மாடியில்?" என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் மரியாதைக்குறைவுதான். பெண்ணாக இருந்தால் 'போன்ஜூர் மதாம்', ஆணாக இருந்தால் 'போன்ஜூர் மிசியே' சொல்லி, பதிலுக்கு அவர்களும் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். பேக்கரி, பஸ், லிப்ட் எல்லா இடத்திலும் இதே முறை. பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்தே பேசுவதில்லை என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேர் இதை விட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆனால் ஒரே ஆளுக்கு அன்றே மறுபடியும் சொன்னால், காலையில் பார்த்ததை மறந்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். இளம் பெண்களை 'மத்முவாசெல்' (நம் 'செல்வி' மாதிரி) என்று அழைப்பதையும் விட்டுவிடுங்கள். அரசுப் படிவங்களிலிருந்தே அதை எடுக்கச் சொல்லி 2012இல் உத்தரவு வந்துவிட்டது.

'தூ', 'வூ' நமக்குச் சிரமமில்லை. நீ, நீங்கள் மாதிரிதான். 'தூ' போதும் என்று அவர்களாகச் சொல்லும்வரை 'வூ'. கன்னத்தோடு கன்னம் வைக்கும் 'பீஸ்' பழக்கத்தை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், கைகுலுக்கினால் போதும்.

அப்புறம் கூட்டம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் குறுக்கிட்டு, "இதை நான் ஏற்கவில்லை" என்பார். பதறிப்போய் விலையைக் குறைத்துவிடாதீர்கள். வாதம், எதிர்வாதம் என்று கட்டுரை எழுதப் பள்ளியிலேயே பழகியவர்கள் அவர்கள்; பள்ளி இறுதித் தேர்வில் தத்துவத்துக்கு மட்டும் 4 மணி நேரம் எழுதுகிறார்கள். எதிர்க்கேள்வி வந்தால் பெரும்பாலும் விஷயத்தில் அக்கறை இருக்கிறது என்றே பொருள். காரணத்தோடு மறுத்துப் பேசினால் மதிப்பு கூடும். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, ஹோட்டலுக்குத் திரும்பியதும் 'இது எங்களால் முடியாது' என்று மெயில் போடுவதுதான் நம்பிக்கையைக் கெடுக்கும். இவ்வளவு பேசியும் அன்றே முடிவு வராமல் போகலாம். முடிவெடுக்கும் மேலதிகாரி பல சமயம் அந்த அறையிலேயே இருக்கமாட்டார்.

மதிய விருந்தில் முதல் தட்டு வந்ததும் விலைப்பட்டியலை எடுக்காதீர்கள். சாப்பாடு, ஊர், சினிமா என்று பேச்சு போகட்டும். வியாபாரம் இனிப்பு, காபி நேரத்தில் தானாக வரும், அதையும் அழைத்தவரே தொடங்கட்டும். சம்பளம் எவ்வளவு, எந்த மதம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை போன்ற கேள்விகள் அங்கே கூடவே கூடாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே, மீனும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

மெயிலிலும் முறை உண்டு. 'ஹாய்' போட்டுப் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காமல், 'போன்ஜூர் மதாம்' என்று தொடங்கி 'கோர்தியால்மான்' (ஆங்கில மெயிலில் 'ரிகார்ட்ஸ்' போடுவது மாதிரி) என்று முடியுங்கள். வேலை நேரம் முடிந்தபின் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை 2017 முதல் அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே ஞாயிறு இரவு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வீண். ஆகஸ்டில் பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும்; நினைவூட்டல்களை அடுக்காமல், செப்டம்பர் முதல் வாரத்தில் போன் செய்யுங்கள்.