கூண்டைக் கூட்டாதீர்கள், நனையுங்கள்

எங்கள் வீட்டில் இரண்டு காக்டீல் கிளிகள். முதல் வருடம் கூண்டடியைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. பறவைகளிடமிருந்து நமக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சலை உண்டாக்கும் கிளமிடியா சிட்டாசி பாக்டீரியா, காய்ந்த எச்சத்தின் தூளோடு மூச்சில் ஏறிவிடும். இப்போது முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிடுகிறேன், அப்புறம் கூண்டடியில் விரித்த தாளோடு சுருட்டி எடுக்கிறேன். என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், தூளைக் கிளப்பிவிடும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

புதுப் பறவையை 30 நாளாவது தனி அறையில் வையுங்கள். துறுதுறுவென்று இருக்கும் பறவையும் கிருமியைச் சுமக்கலாம். அலகில் முத்தம் கொடுப்பதை நானும் விட்டுவிட்டேன், மனசில்லாமல்தான்.

காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால் பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துதான் கொடுப்பார்கள்.