கொடுவாவுக்குச் செயற்கை இரை: எதை முதலில் மாற்றுவது?

மீன் கடிக்கவில்லை என்றால் புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் உடனே இரையின் நிறத்தை மாற்றுகிறார்கள். நிறத்தை நான் கடைசியாகத்தான் தொடுவேன். கொடுவா பதுங்கியிருந்து பாயும் மீன் என்பதால், அது நிற்கும் இடத்திலும் ஆழத்திலும், அது பாய்வதற்கு ஏற்ற வேகத்திலும் இரை போகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கருவிக்கு ஏழடிக் கோல், 3000 அல்லது 4000 அளவு ரீல், 20 முதல் 30 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு (இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்) போதும். நரம்பின் நுனியில் 40 பவுண்டுக்குக் குறையாத தங்கூசியை (ஒற்றை இழை நைலான் நூல்) ஒரு மீட்டர் நீளத்துக்கு முடிந்துகொள்ளுங்கள். கொடுவாவின் செவுள் மூடி மெல்லிய நரம்பை ஒரே உரசலில் அறுத்துவிடும்.

அடுத்தது இடம். கடல் ஓதம் இறங்கி நீர் வற்றத் தொடங்கியதும் அலையாத்திக் காட்டுக்குள் இருந்த இறாலும் மடவைக் குஞ்சும் சிற்றோடைகள் வழியே வெளியேறும்போது, ஓடை வாயில் கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் கோட்டில் கொடுவா நீரோட்டத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கும். ஆகவே இரையை ஓட்டம் வரும் திசையில் எறிந்து, ஓட்டத்தோடு இறங்கி வரும்படி இழுங்கள்.

பிறகு வேகம், பெரும்பாலான மீன்களை இழப்பது இங்கேதான். நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் அப்படியே நிற்கும், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் வடிவ இரையை அலையாத்தி வேரை ஒட்டி எறியுங்கள். நீரில் எழும் வளையங்கள் அடங்கியதும் கோல் நுனியால் இரண்டு சிறு சுண்டல் கொடுத்து, நிறுத்தி, மூன்று வரை எண்ணுங்கள். நரம்பு தளர்ந்து நீர்மேல் வளைந்து கிடக்கும் அந்த நேரத்தில்தான் கொடுவா வாயைத் திறந்து இரையை நீரோடு உறிஞ்சும். கையில் ஒரு 'டக்' மட்டும் தெரியும், சில சமயம் நரம்பு பக்கவாட்டில் நகர்வதைக் கண்தான் முதலில் காணும். நீர் குளிர்ந்திருந்தால் மீன் மந்தமாக இருக்கும் என்பதால் நிறுத்தத்தை இரட்டிப்பாக்குங்கள்.

நீர் நன்றாக வற்றியபின் மீன் பள்ளங்களுக்கு இறங்கிவிடும். அப்போது ஈயத் தலை பொருத்திய ரப்பர் மீனைத் தரை தொடும்வரை இறக்கி, மெல்லத் தூக்கித் தூக்கி விடுங்கள். அந்தி வேளையில் மடவைகள் மேலே துள்ளினால், நீர்ப்பரப்பில் சத்தமெழுப்பும் பாப்பர் இரைக்கு மாறலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கடி இல்லையென்றால் நிறத்துக்கு வாருங்கள்: தெளிந்த நீருக்கு வெள்ளி நிறத்தில் சிறிய இரை, கலங்கிய நீருக்குக் கறுப்பு அல்லது பளிச்சென்ற நிறத்தில் உள்ளே மணிகள் குலுங்கும் இரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பத்து வீச்சாவது பொறுத்துப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

மாட்டிய மீன் துள்ளித் தலையை உதறும்போது கோலைத் தாழ்த்தி நரம்பை இறுக்கமாக வைத்திருங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் இனம். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்மீன்கள் என்பதால் அவற்றை ஈரக் கையால் தாங்கி நீரில் விட்டுவிடுங்கள். அடுத்த வீச்சுக்கு முன் தங்கூசியின் கடைசி ஒரு சாணை நகத்தால் வருடிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள்.