ஹார்ன் பெட்டிக்குள் பஞ்சு: எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது

நான் முதன்முதலில் செய்த ஹார்ன் ஸ்பீக்கர் பெட்டிக்குள் பாதித் தலையணை போனது. பழைய பாலியஸ்டர் தலையணை ஒன்றைக் கிழித்து, டிரைவருக்கு (சத்தம் எழுப்பும் வட்ட ஸ்பீக்கருக்கு) பின்னால் உள்ள அறை, ஹார்ன் தொடங்கும் குறுகிய தொண்டை, முதல் மடிப்பு என்று கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் திணித்தேன். பிறகு பக்கப் பலகையைப் பசை போட்டு மூடிவிட்டேன். பாட்டைப் போட்டால் பேஸைக் காணோம். மூன்று வாரம் அறுத்து ஒட்டிய பெட்டி, கையடக்க ரேடியோ மாதிரிப் பாடியது. திறக்க வழியில்லை. கடைசியில் டிரைவரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக வளைந்த கம்பியை விட்டுப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். தொண்டையில் இருந்த பஞ்சு வெளியே வந்ததும் பேஸும் கூடவே வந்தது.

அதனால் இந்தப் பதிவில் எவ்வளவு பஞ்சு என்பதைவிட எந்த இடத்தில் என்பதைத்தான் அதிகம் பேசப் போகிறேன். கையில் பிளைவுட் அல்லது எம்டிஎஃப் பெட்டி இருக்கிறது, இன்னும் ஒரு பக்கம் மூடவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஹார்ன் என்றதும் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைக்க வேண்டாம். இங்கே பேசுவது பின்புற ஹார்ன் பெட்டி. டிரைவரின் முன்பக்கச் சத்தம் நேராக நம் காதுக்கு வரும். பின்பக்கச் சத்தம் ஓர் அறைக்குள் போய், தொண்டை வழியாக மடிந்து மடிந்து அகலமாகிக்கொண்டே போகும் பாதைக்குள் நுழைந்து, கடைசியில் பெரிய வாய் வழியாக வெளியே வரும்.

முதலில், எதற்காக இந்த வேலை?

ஹார்ன் பாதையிலிருந்து நமக்கு வேண்டியது பேஸ் மட்டும். ஆனால் டிரைவரில் அதிரும் கூம்பான கோனின் பின்பக்கத்திலிருந்து குரல், வயலின், கிதார் எல்லாமே அந்த அறைக்குள் போகின்றன. அந்த நடுத்தர அலைகள் ஹார்ன் வழியாகத் தப்பி வந்தால் தாமதமாக வரும். பாதையின் நீளம் 2.4 மீட்டர் என்றால், ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போவதால், தாமதம் சுமார் 7 மில்லி விநாடி. முன்னால் வந்த குரலும் பின்னால் வந்த குரலும் கலக்கும்போது சில சுருதிகள் கூடும், சில அடங்கும். இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 143 ஹெர்ட்ஸுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். பாடுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்பது இதனால்தான்.

இன்னொரு தொல்லை அறைக்குள்ளேயே இருக்கிறது. கோனுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் மரச் சுவர் இருந்தால், சத்தம் அதில் மோதி 1.2 மில்லி விநாடியில் கோனுக்கே திரும்பி வரும். மெல்லிய காகிதக் கோன் அதைத் தடுக்காது, அப்படியே முன்னால் விட்டுவிடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, கோனின் நிலைமையும் அதுதான்.

பலகை அதிர்வது வேறு, காற்று ஒலிப்பது வேறு

புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில். பெட்டியின் பலகை தானே அதிர்ந்து சத்தம் எழுப்புவது ஒரு பிரச்சினை. பெட்டிக்குள் இருக்கும் காற்று எதிரொலிப்பது இன்னொரு பிரச்சினை. பஞ்சு முதலாவதற்கு எதுவும் செய்யாது. கார் கதவுக்குள் ஒட்டும் தார் ஷீட் இரண்டாவதற்கு எதுவும் செய்யாது.

பலகையை முதலில் முடித்துவிடுங்கள். விரல் முட்டியால் பெட்டியை எல்லாப் பக்கமும் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கட்டையாகக் கேட்டால் சரி. 'டொம்ம்' என்று இழுத்தால் அந்த இடத்தில் வேலை இருக்கிறது. ஹார்ன் பெட்டியில் உள்ளே இருக்கும் தடுப்புப் பலகைகளே நல்ல முட்டுக்கொடுப்பாக அமைந்துவிடுவதால், பெரும்பாலும் சிக்கல் வருவது ஹார்னின் வாய்ப்பக்கத்தில், தடுப்புகள் தூரத் தூரமாக இருக்கும் இடத்தில். அங்கே பலகையின் மேல் ஒரு மரச்சட்டத்தை ஒட்டினால் பலகை விறைப்பாகி, அதிர்வு மேல் சுருதிக்குப் போகும். சட்டத்தைப் பாதையின் போக்கிலேயே வையுங்கள். காற்றை மறித்து நிற்கக் கூடாது. மீதி அதிர்வை அடக்க, அந்தத் தார் ஷீட்டைப் பலகையின் நடுப்பகுதியில் ஒட்டினால் போதும். மூலை முடுக்கெல்லாம் ஒட்டத் தேவையில்லை, பலகை அதிகம் அசைவது நடுவில்தான்.

வயர்களையும் இப்போதே கட்டிவிடுங்கள். தொங்கும் வயர் பலகையில் தட்டும் சத்தத்தை டிரைவர் கெட்டுப்போன சத்தம் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

பக்கப் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடிந்தால் அதை ஒட்டாதீர்கள். விளிம்பெல்லாம் மெல்லிய ஃபோம் டேப் போட்டு, 8 அல்லது 10 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்குரு போட்டு இறுக்குங்கள். பஞ்சைக் கூட்டவும் குறைக்கவும் பத்துத் தடவையாவது திறக்க வேண்டியிருக்கும்.

எந்தப் பொருள்?

இரண்டு வகை போதும். சுவரில் ஒட்ட 10 முதல் 20 மில்லிமீட்டர் தடிமனில் கம்பளி ஃபெல்ட், அறைக்குள் வைக்கத் தலையணைக்குள் இருக்கும் பாலியஸ்டர் பஞ்சு. ஆட்டுக் கம்பளி கிடைத்தால் அதுவும் நன்றாக வேலை செய்யும், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி இழைப் பஞ்சு ஒலியை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் ஹார்ன் பெட்டிக்கு வாய் திறந்தே இருக்கிறது, அந்த இழைத் தூள் வெளியே வந்து வீட்டுக்குள் பரவலாம். நான் தொடுவதில்லை. பிடிவாதமாக அதைத்தான் போடுவேன் என்றால், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பஞ்சை மெல்லிய துணிப் பைக்குள் தைத்து வையுங்கள்.

தெர்மோகோல், பார்சலில் வரும் வெள்ளை ஃபோம், முட்டை அட்டை மூன்றும் வேண்டாம். ஒரு பொருள் ஒலியை உறிஞ்சுமா என்று தெரிய, அதை உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். கொஞ்சம் தடையோடு காற்று உள்ளே போனால் உறிஞ்சும். போகவே இல்லை என்றால் ஒலிக்கும் அது ஒரு சுவர்தான்.

அறைக்குள் ஃபெல்ட்

டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் சுவரில் முதல் துண்டு. பிறகு ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஒவ்வொரு சுவர் ஜோடியிலும் ஒரு சுவரில் மட்டும் ஒட்டுங்கள். மேல், கீழ் என்றால் மேலே மட்டும். இடது, வலது என்றால் ஒன்றில் மட்டும். ரப்பர் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்தால் போதும். முழுக்கத் தடவினால் பசை ஃபெல்ட்டுக்குள் ஊறி அதன் துளைகளை அடைத்துவிடும். பசையின் வாடை போகும்வரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் டிரைவரை மாட்டுங்கள்.

ஃபெல்ட் மட்டும் போதாதா? போதாது, காரணம் எளிது. இழை ஒலியை விழுங்குவது உராய்வால். காற்று அசைந்தால்தான் உராய்வு. சுவரை ஒட்டியபடி இருக்கும் காற்று அசைய முடியாது, சுவர் தடுக்கிறது. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி வந்தால்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். அறையின் ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால், அதற்குள் சுவருக்குச் சுவர் மோதி எழும் நிலை அலை, 343ஐப் போய்வரும் தூரமான 0.4ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது சுமார் 857 ஹெர்ட்ஸ். அதன் கால் அலைநீளம் 10 சென்டிமீட்டர். அறையின் நட்ட நடு! ஒரு சென்டிமீட்டர் ஃபெல்ட்டுக்கு அந்த 857 எட்டவே எட்டாது. ஃபெல்ட் பிடிப்பது அதற்கு மேலே உள்ள சுருதிகளை. நடுவில் இருப்பதைப் பிடிக்கத்தான் பஞ்சு.

பஞ்சு

தராசை எடுத்துக்கொள்ளுங்கள், கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். அறையின் அளவு 20, 25, 15 சென்டிமீட்டர் என்றால் கொள்ளளவு 7.5 லிட்டர். லிட்டருக்கு 8 கிராம் என்ற கணக்கில் அடைத்தால் 60 கிராம். இது டிரான்ஸ்மிஷன் லைன் என்ற வேறு வகை ஸ்பீக்கர் பெட்டிகளில் அடைக்கும் அடர்த்தி, நமக்கு இவ்வளவு ஆகாது. 20 கிராமில் தொடங்குங்கள்.

பஞ்சைக் கட்டியாகப் போடாமல் விரலால் பிய்த்துப் பிய்த்துப் பிரியுங்கள். சரியாகப் பிரித்த 20 கிராம், இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கும் அளவுக்கு உப்பி நிற்கும். அதன் வழியாக மறுபக்க வெளிச்சம் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் கட்டி இருக்கிறது, இன்னும் பிரியுங்கள். இதை அறையின் நடுவில், டிரைவருக்குப் பின்னால் வையுங்கள். கோனில் படக் கூடாது, இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பஞ்சு தானாக நகர்ந்து தொண்டைப் பக்கம் போகாமல் இருக்க, சுவருக்குச் சுவர் இரண்டு நூலைக் கட்டி அதற்குள் நிறுத்தலாம்.

சில டிரைவர்களில் காந்தத்தின் பின்னால் காற்றுத் துளை இருக்கும். இழை அதற்குள் போய்க் கம்பிச்சுருளில் சிக்கினால் கரகரப்பு தொடங்கும், பிறகு எடுப்பது கடினம். கொசுவலை மாதிரி மெல்லிய துணியை அந்தத் துளையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிட்டால் நிம்மதி. துளையையே அடைத்துவிடாதீர்கள்.

தொண்டை

இங்கே எதுவும் வைக்கக் கூடாது. நான் பாதித் தலையணையைப் பாழாக்கியது இந்த இடத்தில்தான் என்பதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அறையின் குறுக்குப் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர், தொண்டையின் பரப்பு 50 என்று வையுங்கள். பேஸ் அடிக்கும்போது அறைக்குள் மெதுவாக அசையும் அதே காற்று, தொண்டையில் பத்து மடங்கு வேகத்தில் போய்வர வேண்டும். உராய்வில் போகும் சக்தி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அறையில் பேஸுக்கு ஒரு பங்கு இழப்பைத் தரும் கைப்பிடிப் பஞ்சு, தொண்டையில் நூறு பங்கு இழப்பைத் தரும்.

தொண்டையைத் தாண்டியதும் வரும் முதல் மடிப்பு வேறு கதை. அங்கே வெளிப்பக்க மூலையில் ஒரு ஃபெல்ட் துண்டு ஒட்டலாம். 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5.7 மீட்டர், அது இந்தத் துண்டைக் கண்டுகொள்ளாமல் வளைந்து போய்விடும். 2000 ஹெர்ட்ஸின் நீளம் 17 சென்டிமீட்டர்தான், அது மூலையில் மோதித்தான் திரும்ப வேண்டும், மோதும் இடத்தில் ஃபெல்ட் காத்திருக்கும். ஃபெல்ட்டின் தடிமன் பாதையைக் குறுக்கிவிடாத அளவுக்கு இருக்கட்டும். மற்ற மடிப்புகளை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள்.

கேட்டுப் பார்ப்பது

இரண்டு பெட்டி செய்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வசதி. ஒன்றில் பஞ்சு வையுங்கள், இன்னொன்றில் வைக்காதீர்கள். இரண்டையும் அருகருகே நிறுத்தி, மோனோவில் ஒரே பதிவைப் போட்டு, பேலன்ஸ் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேளுங்கள். பாட்டைவிட ஆண் குரலில் பேச்சு நல்லது. பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று காதுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

பிறகு ஹார்னின் வாய்க்குள் காதைக் கொடுத்துக் கேளுங்கள், சத்தத்தைக் குறைத்துவிட்டு. பேசுவது யாரோ அடுத்த அறையில் பேசுவது போல மங்கலாக, சொல் புரியாமல் முனகலாகக் கேட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டால் அறைக்குள் இன்னும் 5 கிராம் சேர்க்கலாம். எதிரில் உட்கார்ந்து கேட்கும்போது டிரம்மின் அடி மெலிந்து, எல்லாம் கம்பளி போர்த்தியது போல இருந்தால் 5 கிராம் எடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும், அதுவும் 5 கிராமாக.

ஒரே ஒரு பேஸ் சுருதி மட்டும் 'பூம்' என்று வீங்கினால் பஞ்சைத் தேடி ஓடுவதற்கு முன் பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து அரை மீட்டர் நகர்த்துங்கள். பாதிக்கு மேல் அது வீட்டு அறையின் குற்றம். அப்படியும் போகவில்லை என்றால், வாய்க்கு முந்தைய மடிப்பில் ஒரு ஃபெல்ட் ஒட்டலாம். பலன் கொஞ்சம்தான் இருக்கும்.

மைக்கும், ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ (Room EQ Wizard) மென்பொருளும் இருந்தால் வாய்க்கு அருகில் மைக்கை வைத்து, பஞ்சுக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அளவு எடுங்கள். 300 ஹெர்ட்ஸுக்கு மேலே கோடு இறங்க வேண்டும், 100க்குக் கீழே அப்படியே இருக்க வேண்டும். கீழேயும் இறங்கினால் பஞ்சு அதிகம்.

முன்புற ஹார்ன், அதாவது டிரைவரின் முன்பக்கம் ஹார்னுக்குள் பார்க்கும் வகை என்றால் வேலை குறைவு. பின்னால் இருக்கும் மூடிய அறையில் தளர்வாகப் பஞ்சு வைக்கலாம், ஹார்னுக்குள் ஒரு நூல்கூட வேண்டாம்.

எல்லாம் பிடித்துப்போனதும், பலகையைக் கடைசியாக இறுக்குவதற்கு முன், அதன் உட்புறத்தில் பென்சிலால் எத்தனை கிராம், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதிவையுங்கள். அந்தத் தலையணைப் பெட்டியின் பக்கத்தைப் பிறகு அறுத்துத் திறந்து ஸ்குரு போட்டுக்கொண்டேன். அதில் 40, 30, 20 என்று அடித்து அடித்து எழுதி, கடைசியில் 25 என்று நிற்கிறது.