கழற்றி மாட்டும் கத்திப்பிடி: முதலில் மரம், பிறகுதான் கை

லொறி வில்லுத்தகட்டில் பட்டறைக்காரர் அடித்த கத்தி பல வருடம் உழைக்கும். பிடி அவ்வளவு நாள் தாங்காது. மலையகத்து மழையும் மூட்டமும் பிடிக்குள் ஈரத்தை இறக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் வால் (பிடிக்குள் செருகும் கத்தியின் இரும்புப் பகுதி) துருப்பிடிப்பது வெளியே தெரியாது, ஒரு நாள் பலாக்காய் வெட்டும்போது படக்கென்று முறியும். அதனால் பசை ஊற்றி ஒட்டாமல், மூங்கில் ஆணி ஒன்றால் பூட்டி, வேண்டும்போது கழற்றித் துடைக்கும்படி பிடி போடுவதே நல்லது. இங்கே சொல்வது வீட்டுக் கத்திக்கு. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு இந்த முறை வேண்டாம். ஓங்கி வீசும் கத்திக்கு வால் பிடியின் மறுமுனை வரை வந்து மடங்கியிருக்க வேண்டும்.

அளவுகளுக்கு 6 அங்குல அலகுள்ள கத்தியை எடுத்துக்கொள்வோம். வால் 90 மி.மீ. நீளம். அலகும் வாலும் சேரும் தோள்ப்பக்கம் 14 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிப்பு. நுனியில் 8 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்பு. இந்தச் சரிவு ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் வயிறு வைத்தால் பிடி அந்த ஓர் இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இடத்தில் ஆடும். அரத்தால் சரிசெய்யுங்கள்.

மரத்துக்குக் கொய்யா அருமை. நெருக்கமான நார், லேசில் பிளக்காது. வைரம் பாய்ந்த பலாவும் நன்று. தோட்டத்தில் எங்கும் கிடைக்கும் சவுக்கு (சில்வர் ஓக்) இதற்கு மென்மை. பிடுங்கிய பழைய தேயிலைத் தூர் கல் மாதிரி இருக்கும், ஆனால் முறுக்கிய நார், காயும்போது வெடிக்கும். 130 மி.மீ. நீளம், 38க்கு 32 மி.மீ. கட்டையாக அறுங்கள். மரத்தின் நட்டநடுவில் இருக்கும் மென்மையான நடுச்சோறு அதில் வரக்கூடாது.

இனித்தான் எல்லாரும் அவசரப்படும் இடம். ஈர மரத்தில் பிடி போட்டால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். மரம் காயும்போது சுருங்கும், உள்ளே இருக்கும் இரும்பு சுருங்காது. மரத்துக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளியே பிடியின் முகப்பை இறுக்கும் வளையமான பூணும் கழன்று உருளும். ஆகவே கட்டையின் இரு முனைகளிலும் மெழுகுதிரியை உருக்கிப் பூசி, அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு மூன்று மாதம் போட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை குறையாவிட்டால் மரம் தயார். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வேலைக்கு உகந்த காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்றடிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.

துளை முதலில், உருவம் பிறகு. சூட்டில் போடும் துளை எப்படியும் சற்றுச் சாயும். பிடியை முதலிலேயே அழகாகச் செதுக்கிவிட்டால் சாய்ந்த துளையைத் திருத்த வழியில்லை. 3 மி.மீ. ட்ரில்லால் நடுவில் எட்டும் வரை வழித்துளை போடுங்கள். கத்தியின் வாலை நெருப்பில் வைக்காதீர்கள். சூடு அலகுக்கு ஏறி வைக்கோல் நிறம் தாண்டினால் கூர் நிற்காது. பதிலாக அதே சரிவில், சுற்றிலும் அரை மி.மீ. சிறிதாக, நீளமான கைப்பிடியோடு ஒரு போலி வால் இரும்பில் செய்துகொள்ளுங்கள். அதை மங்கிய சிவப்பாகக் காய்ச்சி, துளையில் 3, 4 விநாடி அழுத்தி, உடனே எடுங்கள். கரியைத் தட்டிக் கொட்டிவிட்டு மறுபடி அழுத்துங்கள். ஆறேழு முறையில் இறங்கும். ஆழம் 95 மி.மீ. இருக்கட்டும். வால் நுனி அடியில் முட்டினால் தோள் ஒருநாளும் உட்காராது.

உள்ளே மிச்சமிருக்கும் கரிப்பூச்சை முழுக்கச் சுரண்ட வேண்டும். கரி நசுங்கும் பொருள், அதன்மேல் உட்கார்ந்த வால் ஒரு மாதத்தில் ஆடும். உடைந்த ஹெக்சோ பிளேட்டை ஒடுக்கமாகச் சாணை பிடித்தால் சுரண்டுகோல் கிடைக்கும். பிறகு வாலை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, துளையில் நேராகச் செருகி எடுங்கள். புகை உரசிப் போய் வாலில் இரும்பு பளிச்சென்று தெரியும் இடந்தான் மரம் முட்டும் இடம். துளையில் அதற்கு நேரான பக்கத்தை மட்டும் சுரண்டி, மறுபடி புகை காட்டுங்கள். பத்துப் பதினைந்து முறை ஆகலாம், பொறுமை வேண்டும். கையால் அழுத்தும்போது தோளுக்கு 2 மி.மீ. மிச்சமிருந்தால் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைத் தட்டித்தான் இறக்க வேண்டும்.

இப்போது துளையை நடுவாக வைத்துப் பிடியைச் செதுக்குங்கள். பூணுக்கு முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயில் 18 மி.மீ. துண்டு. உள்ளே நீளவாட்டில் ஓடும் வெல்டிங் மேட்டை வட்ட அரத்தால் எடுத்துவிடுங்கள். மர முனை குழாய்க்குள் மிக மிக இறுக்கமாகப் போக வேண்டும், மரச்சுத்தியலால் ஏற்றுங்கள். அந்தக் குழாயை நெருப்பில் காட்டாதீர்கள். அதன்மேல் உள்ள துத்தநாகப் பூச்சின் புகை நஞ்சு.

ஆணிக்கு முற்றிய மூங்கிலின் வெளித்தோல் பக்கம், அடுப்புப் புகையில் கிடந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முனை தடித்து, மறுமுனை சிறுத்து இருக்கட்டும். இரும்பு ஆணி வேண்டாம். துரு ஊதிப் பிடியைப் பிளந்துவிடும். பிடியின் முகப்பிலிருந்து 30 மி.மீ. தள்ளி, வால் இல்லாமலே மரத்தில் குறுக்காக 4 மி.மீ. துளை போடுங்கள். வாலைச் செருகித் தட்டி, ட்ரில் நுனியால் அதில் குறி வையுங்கள். கழற்றி, குறியிலிருந்து அரை மி.மீ. அலகுப் பக்கம் தள்ளி வாலைத் துளையுங்கள். அந்த அரை மி.மீ.தான் ஆணி இறங்கும்போது கத்தியைப் பிடிக்குள் இழுத்து இறுக்குவது. மாறி வால்நுனிப் பக்கம் தள்ளினால் ஆணி கத்தியை வெளியே தள்ளும்.

பூட்டும்போது வாலில் தேன்மெழுகை உருக்கிப் பூசுங்கள். தண்ணீரும் இறங்காது, கழற்றவும் லேசு. அலகை மேலே பார்க்கப் பிடித்து, பிடியின் அடியில் மரச்சுத்தியலால் தட்டினால் கத்தி தன் பாரத்தாலேயே இறங்கும். பிறகு ஆணியைச் சிறிய முனை முன்னே போகும்படி அடித்து இறக்குங்கள். பிடிக்கு வெளியே லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசலாம். தேங்காயெண்ணெய் காயாது, பிசுபிசுத்து நாறும். லின்சீட் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றும், விரித்துக் காயவிடுங்கள்.

கழற்ற: ஆணியைச் சிறிய முனையிலிருந்து தட்டி எடுங்கள். அலகைத் தடித்த துணியில் சுற்றிப் பிடித்து, அலகோரமாக ஒரு மரத்துண்டைப் பூண் விளிம்பில் வைத்துப் பிடியை நோக்கித் தட்டுங்கள். அசையாவிட்டால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது. பலம் காட்டாமல் இரண்டு நாள் பரணில் போட்டுவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் புது ஆணி போடுங்கள்.