பூனைக்கு வயிற்றில் மொட்டை விழுந்தால்: வீட்டில் செய்யக்கூடாத வைத்தியங்கள்

பூனையைத் தூக்கும்போது அடிவயிறு வழவழவென்று தெரிகிறது. தொடையின் உள்பக்கமும் அப்படியே. "முடி கொட்டுகிறது" என்று முடிவு கட்டி, சத்து மருந்தோ எண்ணெயோ தேடிப் போவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பெரும்பாலான பூனைகளுக்கு முடி தானாகக் கொட்டுவதில்லை. பூனையே நக்கி நக்கி ஒடிக்கிறது. அதன் நாக்கு முழுக்கக் கொக்கி போன்ற முட்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நக்கினால் முடி தோல் மட்டத்தில் முறிந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய விரலே போதும். மொட்டையான இடத்தில் முடி வளரும் திசைக்கு எதிராகத் தடவிப் பாருங்கள். இரண்டு நாள் தாடி போலச் சொரசொரவென்று குத்தினால் நக்கி ஒடித்தது. வழுக்கையாக வழுகினால் வேரோடு விழுந்திருக்கலாம், அது வேறு கதை. கால்நடை மருத்துவர் நாலு முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தால் இன்னும் உறுதியாகும். இயல்பான முடியின் நுனி கூர்மையாக இருக்கும், நக்கிய முடியின் நுனி முறிந்திருக்கும்.

"எங்கள் பூனை நக்குவதைப் பார்த்ததே இல்லை" என்பதையும் ஆதாரமாக எடுக்க முடியாது. கட்டிலுக்கு அடியிலும் ஆளில்லாத நேரத்திலும் நக்கும் பூனைகள் நிறைய. வாந்தியில் முடி உருண்டை அடிக்கடி வந்தால், மலத்தில் முடி தெரிந்தால், அதுவே சாட்சி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி அடர்த்தி குறைவாக இருப்பது மட்டும் பூனைகளுக்கு இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

தடவுவதெல்லாம் வயிற்றுக்குப் போகும்

நக்குகிற பூனையின் தோலில் எதைத் தடவினாலும் அது அடுத்த நிமிடம் வாய்க்குள். மனிதருக்கும் நாய்க்கும் கல்லீரல் சுலபமாகக் கழித்துத் தள்ளும் பல வேதிப்பொருள்களைப் பூனையின் கல்லீரலால் கழிக்க முடியாது. அதற்கான நொதி அதனிடம் மிகக் குறைவு. நமக்கு மருந்தாக இருப்பது அதற்கு நஞ்சாவது இதனால்தான்.

டெட்டால், பினாயில் போன்றவற்றைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவது, நீலகிரி தைலம், கற்பூரம் கலந்த எண்ணெய், டீ ட்ரீ ஆயில் தடவுவது எல்லாம் ஆபத்து. ஏற்காடு கடைகளில் வாங்கிவந்த தைலப் பாட்டில் சளிக்கு உங்களுக்கு உதவட்டும், பூனையின் முதுகுக்கு வேண்டாம். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்று பொருளில்லை. தடவியபின் எச்சில் வழிந்து, நடுங்கி அவதிப்பட்ட பூனைகள் உண்டு. தேங்காய் எண்ணெய் நஞ்சில்லை, ஆனால் பிசுபிசுப்பை எடுக்கப் பூனை இரண்டு மடங்கு நக்கும். நிறுத்த நினைத்ததை நாமே வளர்த்துவிடுவோம்.

இதையெல்லாம்விட மோசமானது மாட்டு மருந்து. ஆத்தூர், ஓமலூர் பக்கம் கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் உண்ணிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின் பாட்டில் இருக்கும். நாய்க்கென்று வாங்கிய அமிட்ராஸ் கரைசல், பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து, உண்ணிப் பவுடர் சில வீடுகளில் இருக்கும். "கொஞ்சமாகத்தானே" என்று பூனைக்குப் போட்டால் சில மணி நேரத்தில் உடல் நடுக்கம், துள்ளல், வலிப்பு வரை போகும். பெர்மெத்ரின் போட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கே விஷம் ஏறலாம்.

ஏற்கெனவே தடவிவிட்டீர்களா? வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டும் போட்டு உடனே கழுவுங்கள். துண்டில் சுற்றி ஈரம் எடுத்துச் சூடாக வையுங்கள், மருந்தின் டப்பாவோடு மருத்துவரிடம் ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத்தண்ணீர் ஊற்றக் கூடாது.

"எங்கள் வீட்டில் தெள்ளுப்பூச்சி இல்லை"

பூனை அளவுமீறி நக்குவதற்கான காரணங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தெள்ளுப்பூச்சி. அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாததற்குக் காரணம் எளிது: நக்கும்போதே பூனை அதை விழுங்கிவிடுகிறது. ஆசனவாயைச் சுற்றி அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால், தெள்ளுப்பூச்சியை விழுங்கியதால் வந்த நாடாப்புழுவின் துண்டு அது.

சோதிக்கப் பேன் சீப்பை எடுத்து வால் தொடங்கும் இடம், முதுகின் பின்பாதி, கழுத்து ஆகிய இடங்களில் தோலைத் தொட்டபடி வாருங்கள். சீப்பில் வந்த கறுப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது செரித்த இரத்தம், அதாவது தெள்ளுப்பூச்சியின் கழிவு. கசியாவிட்டால் வெறும் மண். துகள் கிடைக்காவிட்டாலும் தெள்ளுப்பூச்சி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இங்கே ஊரும் கணக்கில் வரும். மிதமான வெப்பமும் ஈரமும் தெள்ளுப்பூச்சிக்குப் பிடித்தமானவை, கடும் வெயிலும் வறட்சியும் புழுவைக் கொல்லும். சேலத்தின் சித்திரை வெயிலில் சற்று அடங்கியிருந்து மழை தொடங்கியதும் பெருகும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியும் ஈரமும் உள்ள ஏற்காட்டில் அப்படி ஓய்வுக்காலமே கிடையாது. காப்பித் தோட்டத்துக்குள் போய்வரும் பூனைக்கு ஆண்டு முழுவதும் மருந்து வேண்டும்.

மருந்து போடுவதிலும் தவறுகள் உண்டு. பூனைக்கான சொட்டு மருந்தைத் தலைக்குப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில், நாக்கு எட்டாத இடத்தில் முடியை விலக்கித் தோலின் மேல் விட வேண்டும். முடியின் மேல் ஊற்றினால் வீண். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. நாயின் பெரிய பிப்பெட்டை (சொட்டு மருந்து அடைத்த சிறு குழாய்) பங்கு போடக் கூடாது. பூனைக்கான ஃபிப்ரோனில் (தெள்ளுப்பூச்சி மருந்து) பிப்பெட் 0.5 மில்லி, அவ்வளவுதான். வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் அதது மருந்தை ஒரே நாளில் போட வேண்டும், அரிக்கிற பூனைக்கு மட்டும் போட்டால் மற்றவை பூச்சிக்குப் புகலிடம்.

ஒரு தடவை போட்டு "வேலை செய்யவில்லை" என்று விடுவதும் சகஜம். நம் கண்ணில் படும் பூச்சி மொத்தத்தில் 5 சதவீதம் அளவுதான், மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே குறைந்தது 3 மாதம் விடாமல் மருந்து, வாரம் ஒரு முறை படுக்கைத் துணியைச் சுடுநீரில் துவைப்பது, தினமும் மூலை முடுக்கைப் பெருக்குவது மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப் க்ரீம்

வட்டமாக, ஓரத்தில் செதில் உதிர்ந்து, முகத்திலோ காதிலோ காலிலோ மொட்டை விழுந்தால் படர்தாமரையைச் சந்தேகியுங்கள். வீட்டில் யாருக்காவது கையில் வட்ட அரிப்பு இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகும், இது மனிதருக்கும் ஒட்டும். இதற்குக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் கலவைக் க்ரீம்களில் பூஞ்சைக்கொல்லியோடு வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். அரிப்பு அடங்கிய மாதிரி தெரியும், பூஞ்சை உள்ளே பரவும். பூனை அதை நக்கித் தின்பது தனிச் சங்கடம். மருத்துவரிடம் முடியை எடுத்துப் பூஞ்சை வளர்ப்புச் சோதனை செய்யுங்கள், முடிவு வர 2 வாரம்கூட ஆகலாம். புறஊதா விளக்கில் ஒளிராததை வைத்து "படர்தாமரை இல்லை" என்று சொல்லிவிட முடியாது, எல்லா முடியும் ஒளிராது.

அதே காரணத்துக்காக "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்காதீர்கள். வாரக்கணக்கில் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி அரிப்பை நிறுத்தும், காரணத்தை மறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உண்டு. சோதனைகள் முடிந்தபின் மருத்துவரே தேர்ந்து கொடுத்தால் அது வேறு.

உணவுச் சோதனையில் ஓட்டை

உணவு ஒவ்வாமையாலும் பூனை நக்கும். மாட்டிறைச்சி, மீன், கோழி இவற்றுக்கே பூனைகளுக்கு அதிகம் ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. நாமக்கல் கோழியும் மேட்டூர் ஜிலேபி மீனும் மலிவாகக் கிடைக்கும் ஊரில் பூனையின் தட்டில் தினமும் இரண்டும்தான். கம்பெனி மாற்றி வேறு கேட் ஃபுட் வாங்குவதால் பயனில்லை, பெரும்பாலான பைகளிலும் கோழியும் மீனும் இருக்கும். உணவுச் சோதனை என்றால் பூனை இதுவரை சாப்பிடாத ஒரே புரதம், அல்லது மருத்துவர் எழுதித்தரும் புரதம் உடைக்கப்பட்ட உணவு மட்டும், அதுவும் குறைந்தது 8 வாரம். நடுவில் பக்கத்து வீட்டுப் பாட்டி போடும் ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு, சுவையூட்டிய பூச்சி மாத்திரை, தயிர் சாதம் எது போனாலும் சோதனை முதலிலிருந்து தொடங்கும். வீட்டில் சமைத்தால் வெங்காயம், பூண்டு, உப்பு சேரக் கூடாது. வெறும் இறைச்சியில் கால்சியமும் டாரினும் (பூனைக்கு அவசியமான ஒரு சத்து) போதாது என்பதால் நீட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள். பட்டினி போட்டுப் பழக்குவதும் கூடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனையை அப்படியே விட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். புது உணவைப் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள், 8 வாரத்தை அதன் பிறகு எண்ணுங்கள்.

எல்லாம் மன அழுத்தம் என்பது

இணையத்தில் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். 2006-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில், மனக் காரணத்தால் முடி இழந்ததாகக் கருதப்பட்ட 21 பூனைகளைச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடல் காரணமே கிடைத்தது. மனக் காரணம் மட்டும் என்று தேறியவை இரண்டு, மிச்ச மூன்றுக்கு இரண்டும் கலந்திருந்தன. ஆகவே மன அழுத்தம் கடைசியில் வர வேண்டிய முடிவு.

அடிவயிற்றை நக்குவதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறுநீர்ப்பை வலிக்கும் பூனையும் வயிற்றை நக்கும். மண் பெட்டிக்கு அடிக்கடி போய், முக்கி, ஒரு சொட்டும் வராத ஆண் பூனை அவசர நோயாளி. அடைப்பு நீடித்தால் இரண்டொரு நாளில் உயிர் போகும். ஏற்காட்டில் இருந்தால் 20 கொண்டை ஊசி வளைவையும் அந்த நேரத்திலேயே இறங்குங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உடல் காரணங்கள் கழிந்தபின் வீட்டைப் பாருங்கள். புதிதாக வந்த பூனை, ஜன்னலில் வந்து முறைக்கும் தெருப்பூனை, பக்கத்தில் கட்டட வேலை, ஆடித் திருவிழா மேளமும் தீபாவளி வெடியும் எல்லாம் காரணமாகலாம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மண் பெட்டி கூடுதலாக, வெவ்வேறு இடத்தில் வையுங்கள். நக்கும்போது அதட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும் நக்குதலைக் கூட்டவே செய்யும். கழுத்துக் கூம்பு சில நாள் புண்ணைக் காக்கும், அரிப்பைத் தீர்க்காது.

மருத்துவரிடம் போகும் முன் குளிப்பாட்டாதீர்கள், தோலில் இருக்கும் தடயம் போய்விடும். மொட்டையான இடங்களை வெளிச்சத்தில் படமெடுத்து, எப்போது தொடங்கியது, என்ன சாப்பிடுகிறது, என்ன தடவினீர்கள் என்பதை எழுதி எடுத்துப்போங்கள். தடவியதை மறைக்காதீர்கள். சேலத்தில் முடியாத சோதனைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு மணி நேரத் தூரம்தான்.

அரிப்பு நின்றபின் முடி முழுதாக மூட இரண்டு மூன்று மாதம் ஆகும். சயாமீஸ் வகைப் பூனைக்கு, அதிலும் ஏற்காட்டுக் குளிரில், மொட்டையான இடத்தில் முடி கருமையாக முளைக்கும். வெறும் தோல் குளிர்ந்திருப்பதால் வரும் நிறம் அது, அடுத்த முடி மாற்றத்தில் பழைய நிறம் திரும்பும்.