லோகோவிலேயே நின்ற போன்: கோளாறு ஹெடரில் (என் அனுபவம்)

ஹட்டனில் இருக்கும் மச்சானின் மீடியாடெக் சிப் போட்ட போன் லோகோவைத் தாண்டவில்லை. பூட்லோடரின் (போனை முதலில் தொடக்கிவைக்கும் நிரல்) பூட்டு ஏற்கெனவே திறந்திருந்தது. யாரோ பிரித்துத் திரும்பக் கட்டிய பூட் இமேஜை (போன் தொடங்கத் தேவையானவற்றை வைத்திருக்கும் கோப்பு) அதில் ஏற்றியிருந்தார்கள். தோட்டத்துப் பக்கம் டேட்டா இழுக்காது என்பதால், அதே மாடல், அதே பதிப்புக்கான மூல பேர்ம்வேரை (கம்பனியின் சிஸ்டம் மென்பொருளை) டவுனிலேயே இறக்கிக்கொண்டு போனேன்.

இரண்டு இமேஜ்களையும் கூகுளின் அன்பேக்_பூட்இமேஜ் ஸ்கிரிப்டால் பிரித்துப் பார்த்தேன். கெர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) ஒன்றுதான், ராம்டிஸ்க்கும் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் கோப்புகள்) ஒழுங்காக விரிந்தது. இமேஜின் தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதியான ஹெடரில்தான் வித்தியாசம். மூல இமேஜில் கெர்னல் ஏற வேண்டிய முகவரி, ஹெக்ஸில், 40080000. ஏற்றியிருந்ததில் 10008000. அது பூட் இமேஜைக் கட்டும் எம்கேபூட்இமேஜ் கருவியின் இயல்பு மதிப்பு. அதாவது, திரும்பக் கட்டியவர் பேஸ் (தொடக்க முகவரி), ஆப்செட் (அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்ற எண்) எதையும் கொடுக்கவில்லை. இது மிக முக்கியம்: உள்ளே இருப்பது சரியாக இருந்தாலும், அது நினைவகத்தில் எங்கே உட்கார வேண்டும் என்ற இந்த எண்கள் பிழைத்தால் போன் எழாமல் போகலாம்.

பிரிக்கும்போது பார்மட் தெரிவில் எம்கேபூட்இமேஜ் என்று கொடுத்தால், திரும்பக் கட்டத் தேவையான எல்லா மதிப்புகளும் ஒரே வரியில் கிடைக்கும். மூல இமேஜின் அந்த வரியை அப்படியே வைத்துக் கட்டி, பாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து போனில் இமேஜ் எழுதும் முறை) எழுதினேன். போன் எழுந்துவிட்டது.

ஸ்கிரிப்ட் பழக்கமில்லாதவர்களுக்கு, பூட் இமேஜைப் பிரித்துக் கட்டும் மேஜிஸ்க்பூட் என்ற கருவி நல்லது. மூல இமேஜைக் கொடுத்தால் ஹெடரை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒன்று: ஆண்ட்ராய்டு 13 உடன் வெளிவந்த போன்களில் பொதுவான ராம்டிஸ்க் இனிட்_பூட் என்ற தனிப் பகுதியில் இருக்கும், அங்கே தேடுங்கள்.