நெல்லைச் சீமையில இருந்து பயோஎத்திக்ஸ் சட்டப் பேராசிரியர் ஆகணுமா? நம்ம கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

மெடிக்கல் சீட்டு கெடைக்கல, இனிமே ஆஸ்பத்திரி பக்கம் நமக்கு என்ன சோலின்னு நெனைக்கிற பிள்ளைகளுக்காகத்தான் இத எழுதுதேன். சட்டம் படிக்கலாமா, இறையியல் படிக்கலாமான்னு ரெண்டு மனசா நிக்கிற பிள்ளைகளும் வாசிங்க, ஏன்னா ரெண்டையும் ஒண்ணாப் படிச்சவங்களுக்குன்னே ஒரு வேல இருக்கு, அந்த வேலைக்கு நம்ம பாளை மறைமாவட்டத்துலயும் தூத்துக்குடி மறைமாவட்டத்துலயும் ஆளு ரொம்பக் கொறவு.

என்ன வேலன்னு மொதல்ல சொல்லிருதேன். ஐசியூ வாசல்ல ஒரு குடும்பம் நிக்கி, டாக்டர் வந்து வென்டிலேட்டர எடுத்துரலாமான்னு கேக்காரு. எடுத்தா பாவமான்னு பங்குச்சாமியார்ட்ட கேக்காங்க, எடுத்தா கேசு ஆவுமான்னு தெரிஞ்ச வக்கீல்ட்ட கேக்காங்க, பொழைக்க வாய்ப்பு இருக்கான்னு டாக்டர்ட்டயே திரும்பக் கேக்காங்க, மூணு பேரும் மூணு தெசையில பேச, கடைசியில மூத்த மவன் தலையில எல்லாம் வந்து விழுது. இந்த மூணு பேச்சும் புரிஞ்ச ஒரு ஆளு, டாக்டருக்கும் வக்கீலுக்கும் குருமாணவருக்கும் நர்சிங் பிள்ளைகளுக்கும் இதப் பாடமா நடத்துற ஆளு, கவர்மெண்டு சட்டம் போடும்போது கருத்து எழுதி அனுப்புற ஆளு, அவருதான் பயோஎத்திக்ஸ் (உயிர், சாவு, மருத்துவம் பத்தின அறநெறி) சட்டப் பேராசிரியர்.

வெளிநாட்டுல இப்படி வாழ்ந்து காட்டுனவங்க இருக்காங்க, அவங்க பாதையப் பாத்தா நமக்கும் ஒரு கணக்கு புடிபடும். கேத்லீன் கவேனின்னு ஒரு அம்மா, யேல் யுனிவர்சிட்டில சட்டமும் படிச்சு எத்திக்ஸ்ல டாக்டர் பட்டமும் வாங்குனவங்க, ஒரு நீதிபதிகிட்ட கிளார்க்கா இருந்துட்டு பாஸ்டன்ல வக்கீலா ஹெல்த் லா பாத்துட்டு அதுக்கப்புறம்தான் வாத்தியார் வேலைக்கு வந்தாங்க, இப்ப பாஸ்டன் காலேஜ்ல சட்டத் துறை, இறையியல் துறை ரெண்டுலயும் பேராசிரியர். கார்ட்டர் ஸ்னீட் நோட்ர டேம் சட்டப் பேராசிரியர், அமெரிக்க ஜனாதிபதியோட பயோஎத்திக்ஸ் கவுன்சிலுக்கு 2002ல இருந்து 2005 வரை சட்ட ஆலோசகரா இருந்தவரு. ஜான் கியோன் இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல சட்டம் படிச்சு அங்கயே பாடம் நடத்திட்டு ஜார்ஜ்டவுனுக்குப் போனாரு, கருணைக்கொலைச் சட்டம் பத்தி அவரு எழுதுனத அவரு கருத்த ஏத்துக்காதவங்களும் எடுத்துப் படிக்காங்க. கவனிச்சியளா, மூணு பேருமே சாமியார் கெடையாது, பொதுநிலையினர். இதுக்கு குருமடம் போணும்னு வீட்டுல யாராவது பயந்தா இதச் சொல்லுங்க. இன்னொன்னு, மூணு பேருமே சட்டத்துல ஊறுனவங்க, மேலோட்டமாத் தெரிஞ்சிக்கிட்டுப் பேச வந்தவங்க இல்ல.

அதனால என் கருத்து இதுதான்: மொதல்ல சட்டம், அப்புறம் இறையியல். வாழ்வு புனிதமானதுன்னு மனசார நம்புற பிள்ளைக நம்ம கோவில்ல நெறைய இருக்காங்க, ஆனா கருக்கலைப்புச் சட்டத்துல எத்தன வாரத்துக்கு எத்தன டாக்டர் கையெழுத்து வேணும்னு கேட்டா முழிக்காங்க, அப்படி இருக்கும்போது நம்ம பேச்ச ஆஸ்பத்திரில எவன் கேப்பான். பிளஸ் டூ முடிச்சதும் அஞ்சு வருஷப் படிப்புல சேரலாம், இல்லன்னா ஒரு டிகிரி முடிச்சிட்டு மூணு வருஷ எல்.எல்.பி. போகலாம், நம்ம திருநெல்வேலியிலயே 1996ல இருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கு. என்னக் கேட்டா ரெண்டாவது வழிதான் இந்தத் துறைக்கு நல்லது, அதுலயும் நர்சிங்கோ பயாலஜியோ தத்துவமோ முடிச்சிட்டு வாரவங்க ரொம்ப நல்லா வருவாங்க, ராத்திரி டூட்டி பாத்த நர்சுக்கு சாவுன்னா என்ன, வலின்னா என்னன்னு சொல்லிக்குடுக்க வேண்டியதே இல்ல. சட்டம் முடிச்சதும் பார் கவுன்சில்ல பதிவு பண்ணி, பார் தேர்வையும் எழுதிட்டு, ரெண்டு மூணு வருஷமாவது கோர்ட்டுக்குப் போங்க, பாளையில ஜில்லா கோர்ட்டு இருக்கு, மதுரையில 2004ல இருந்து ஹைகோர்ட்டு கிளை இருக்கு. மருத்துவக் கவனக்குறைவு கேசு நடத்துற சீனியர்கிட்ட சேர முடிஞ்சா விடாதீங்க, கேஸ் ஷீட்டு வாசிக்கப் பழகுறது அங்கதான்.

படிக்கும்போதே சில தீர்ப்புகள முழுசா வாசிச்சிருங்க, கைடு புக்குல இருக்குற ரெண்டு பத்தி போதாது. டாக்டர் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சொன்ன வி.பி. சாந்தா கேசு 1995, கவனக்குறைவுக்கு டாக்டர் மேல கிரிமினல் கேசு எப்பப் போடலாம்னு சொன்ன ஜேக்கப் மேத்யூ 2005, நோயாளி சம்மதம் பத்தின சமீரா கோலி 2008, பொழைக்க வழியில்லாத நோயாளிக்கு சிகிச்சைய நிறுத்தலாமான்னு பாத்த அருணா ஷான்பாக் 2011, காமன் காஸ் 2018. கடைசி ரெண்டையும் சேத்து வாசிக்கணும், கூடவே 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு பண்ணுன திருத்தத்தயும் வாசிக்கணும். 2018ல லிவிங் வில்லு (பேச முடியாத நெலமை வந்தா எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம்னு முன்னாலயே எழுதி வைக்கிறது) செல்லும்னு சொன்னாங்க, ஆனா மாஜிஸ்திரேட்டு கையெழுத்து வேணும்னு வச்சதால எழுதுறதே பெரும்பாடு. 2023ல அத மாத்தி, ரெண்டு சாட்சி முன்னால எழுதி நோட்டரியோ கெசட்டடு ஆபீசரோ கையெழுத்துப் போட்டாப் போதும்னு ஆக்கிட்டாங்க. அதுபடி சிகிச்சைய நிறுத்தணும்னா ஆஸ்பத்திரில ரெண்டு மெடிக்கல் போர்டு பாத்து ஒத்துக்கணும், ஒவ்வொரு போர்டும் முடிஞ்சா 48 மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும். இத ஒரு பேப்பர்ல உங்க சொந்த வார்த்தையில தமிழ்ல எழுதிப் பாருங்க, எங்க தடுமாறுதோ அங்க உங்களுக்கு இன்னும் புரியலன்னு அர்த்தம்.

சட்டங்கள்ல 1971 கருக்கலைப்புச் சட்டமும் அதோட 2021 திருத்தமும் (20 வாரம் வரை ஒரு டாக்டர், குறிப்பிட்ட வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை ரெண்டு டாக்டர், அதுக்கு மேல கருவுல பெரிய குறைபாடு இருந்தா மெடிக்கல் போர்டு), 1994ல வந்த பாலினம் கண்டறியத் தடைச் சட்டம், அதே வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டம், 2017 மனநலச் சட்டம், 2021ல வந்த வாடகைத்தாய்ச் சட்டமும் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும், இவ்வளவும் கட்டாயம்.

இனி இறையியல். திருச்சபை ஆவணங்கள இந்த வரிசையில வாசிங்க, மாத்தி வாசிச்சா கொழப்பும். 1957 நவம்பர்ல பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் மயக்க மருந்து டாக்டர்கள்ட்ட பேசுனதுதான் தொடக்கம். உயிரக் காப்பாத்த சாதாரண வழிகளக் கண்டிப்பா எடுக்கணும், அளவுக்கு மீறுன பாரமான வழிகள எடுத்தே ஆகணும்னு கடமை இல்லன்னு அவரு சொன்னாரு. அதே வருஷம் இன்னொரு உரையில, வலியக் கொறைக்குற நோக்கத்துல மருந்து குடுக்கும்போது ஆயுசு கொஞ்சம் கொறஞ்சாலும், வேற வழி இல்லாத நெலமையில குடுக்கலாம்னும் சொன்னாரு. இது தெரியாம இன்னிக்கும் கேன்சர் நோயாளிக்கு மார்ஃபின் குடுக்க விடாத குடும்பங்க நம்ம ஊர்ல இருக்கு, கடவுள் குடுத்த சிலுவைன்னு சொல்லிச் சொல்லி அந்த மனுசன் துடிக்கத் துடிக்கப் போறாரு, எனக்கு இது தாங்க முடியாத காரியம். அதுக்கு அடுத்து 1968 உமானே வீத்தே (குடும்பக் கட்டுப்பாடு பத்தி), 1980 கருணைக்கொலை அறிக்கை, 1987 தோனும் வீத்தே (செயற்கைக் கருத்தரிப்பு பத்தி), 1995 எவாஞ்சேலியும் வீத்தே (மனுச உயிரோட மதிப்பு பத்தி), 2008 திஞ்ஞித்தாஸ் பெர்சோனே (கரு ஆராய்ச்சி மாதிரி புதுக் கேள்விக பத்தி), 2020 சமாரித்தானுஸ் போனுஸ் (சாகக் கெடக்குறவங்களப் பராமரிக்குறது பத்தி). இறையியல் படிக்க எடம் வேணும்னா பூனேல ஞான தீப, பெங்களூர்ல தர்மாராம்னு கத்தோலிக்கக் கல்லூரிக இருக்கு. பெங்களூர் நேஷனல் லா ஸ்கூல்ல மருத்துவச் சட்டமும் எத்திக்சும் சேந்த பிஜி டிப்ளமா தொலைதூரக் கல்வியில இருக்கு, வேல பாத்துக்கிட்டே முடிக்கலாம்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன். சட்டம் எத அனுமதிக்குது, மருத்துவத்தால எது முடியும், திருச்சபை என்ன சொல்லுது, இந்த மூணு கேள்வியயும் தனித்தனியா கேட்டு தனித்தனியா பதில் எழுதணும், ஒண்ண இன்னொண்ணுக்குள்ள கரைச்சிறக் கூடாது. சட்டம் அனுமதிக்குது, அதனால பாவம் இல்லன்னு சொன்னா தப்பு. திருச்சபை வேண்டாங்குது, அதனால சட்டவிரோதம்னு ஒரு நோயாளிகிட்ட சொன்னா அது பொய், அவங்களுக்குச் செய்யுற அநியாயம். வாடகைத்தாய எடுத்துக்கோங்க. காசுக்குப் பெத்துக் குடுக்குறத 2021 சட்டம் தடுக்குது, காசு வாங்காம செய்யுறத நெறைய நிபந்தனையோட விடுது, தோனும் வீத்தே ரெண்டையும் வேண்டாங்குது. கொழந்த இல்லாத தம்பதி முன்னால உக்காந்து இந்த மூணையும் கலப்படம் இல்லாமச் சொல்லவும் தெரியணும், அவங்க கண்ணீரப் பாத்து நிதானமாவும் இருக்கத் தெரியணும்.

நம்ம மண்ணுக்குன்னே ஒரு கேள்வியும் இருக்கு, இத அமெரிக்கப் புஸ்தகத்துல தேடக் கூடாது. தலைக்கூத்தல். படுத்த படுக்கையா கெடக்குற பெரியவங்களுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி எளநி குடுத்து அனுப்பி வைக்கிற பழக்கம், விருதுநகர் பக்கமும் மத்த தென்மாவட்டங்கள்லயும் இருந்ததுன்னு 2010 வாக்குல பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. சட்டத்துல இது கொல, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 103ஆம் பிரிவு. திருச்சபைக்கும் இது கொல. ஆனா அதச் செஞ்ச குடும்பத்துக்கிட்ட கேட்டா, கஷ்டப்படாமப் போகட்டும்னுதான் செஞ்சோம்னு சொல்லுவாங்க, கருணைக்கொலைச் சட்டம் வேணுங்குறவங்க சொல்லுறதும் அதே வார்த்தைதான். வென்டிலேட்டர எடுக்கும்போது நோய் தன் போக்குல போவுது, எளநி குடுக்கும்போது நாமதான் கொல்லுதோம், இந்த வித்தியாசத்த ஒரு எம்.பி.பி.எஸ். பிள்ளைக்கும் ஒரு கிராமத்து அன்பியக் கூட்டத்துக்கும் (பங்குல அக்கம்பக்கத்துக் குடும்பங்க கூடுற ஜெபக் கூட்டம்) ஒரே தெளிவோட வெளக்க முடிஞ்சா நீங்க வாத்தியார்தான். அந்த வீட்டுல பாத்துக்க ஆளு இல்ல, காசு இல்ல, படுக்கப்புண்ணுக்கு மருந்து போட நர்சு இல்லங்குறதயும் சேத்துப் பேசணும், வலி நிவாரணச் சிகிச்சையப் பத்திப் பேசாம தலைக்கூத்தலக் கண்டிக்கிறது அரைப் பேச்சு.

இந்தத் துறைக்குள்ள நொழைய நெசமான வாசல் எதுன்னா, ஆராய்ச்சியில சேருறவங்களுக்குக் கெடுதல் வராமப் பாக்குற எத்திக்ஸ் கமிட்டி. மனுசங்க மேல ஆராய்ச்சி பண்ணுற எந்த ஆஸ்பத்திரியும் காலேஜும் கமிட்டி வச்சிருக்கணும், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி 7ல இருந்து 15 பேரு, அதுல சட்டம் தெரிஞ்சவரு ஒருத்தரு, சமூக அறிவியலோ தத்துவமோ இறையியலோ தெரிஞ்சவரு ஒருத்தரு, பொதுஜனம் ஒருத்தரு கட்டாயம். தலைவரு அந்த நிறுவனத்துல வேல பாக்காதவரா இருக்கணும். மருந்து சோதனைக்கு 2019 விதிகள் தனியா இருக்கு. சட்டமும் இறையியலும் படிச்ச ஆளு ரெண்டு நாற்காலிக்கும் பொருத்தம், ஆனா ஒருத்தரே ரெண்டு பேரா கணக்குல வர முடியாது. சென்னை ஐசிஎம்ஆர் தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைன்ல நடத்துற ஆராய்ச்சி அடிப்படைக் கோர்ச முடிச்சிட்டு, பக்கத்துல இருக்குற காலேஜ் கமிட்டிச் செயலாளருக்கு ஒரு கடிதம் போடுங்க, வக்கீலு கெடைக்காமத் தேடுற கமிட்டி எப்பவும் இருக்கும். உள்ள போனதும் மொதல்ல சம்மதப் படிவத்தப் பாருங்க. இங்கிலீஷ்ல எழுதி தமிழ்ல மாத்துன படிவம் பல நேரம் யாருக்குமே புரியாது. நாங்குநேரி பக்கத்துல இருந்து பாளை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ்சுல வந்த ஒரு ஆச்சி, பேத்தி வாசிக்கக் கேட்டு, எப்ப வேணும்னாலும் நான் வேண்டாம்னு போயிரலாமான்னு புரிஞ்சிக்கணும், அந்த அளவுக்கு எழுதித் திருப்பிக் குடுங்க. இது சின்ன வேலையாத் தெரியும், ஆனா நோயாளியோட மாண்புன்னு புஸ்தகத்துல படிச்சது நெசமாகுற எடம் அந்தப் படிவம்தான்.

சம்பளம், வேல பத்தி சுருக்கமா. காலேஜ் வாத்தியாராக எல்.எல்.எம். (சட்ட முதுகலை) முடிச்சு யுஜிசி நெட் தகுதித் தேர்வுல தேறணும், பேராசிரியர் வரைக்கும் போணும்னா பிஎச்டி வேணும். வக்கீல் தொழில விடாமப் பாடம் நடத்தணும்னா வக்கீல்கள் சட்டத்துக்குக் கீழ உள்ள விதிப்படி ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் வரைக்கும் சட்டப் பாடம் எடுக்கலாம், ஆரம்பத்துல இதுதான் நல்ல வழி. பயோஎத்திக்ஸ்னு தனித் துறை உள்ள எடம் கொறவு, அதனால பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மாதிரி கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி, நர்சிங் காலேஜ், சட்டக் கல்லூரி, குருமடம்னு நாலு எடத்துலயும் வகுப்பு எடுக்கத் தயாரா இருங்க.

மொத கட்டுரைய தள்ளிப் போடாதீங்க. 1993ல தொடங்குன இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ் ஆன்லைன்ல இலவசம், பத்து கட்டுரை வாசிச்சாலே அமைப்பு புடிபட்டுரும். தலைப்புக்கு எங்கயும் அலைய வேண்டாம்: கருக்கலைப்புல பங்கெடுக்க மனசாட்சி ஒத்துக்காத நர்சு எந்தச் சட்டத்தச் சொல்லி வெலகலாம், டியூப் வழியாப் போற சாப்பாட்டையும் வேண்டாம்னு லிவிங் வில்லுல எழுதுனா சட்டம் அதுக்கு என்ன எடம் குடுக்கும், சாப்பாடும் தண்ணியும் பொதுவா சாதாரணப் பராமரிப்புன்னு 2004ல இரண்டாம் ஜான் பால் சொன்னதோட அது எங்க மோதும். அனுப்புறதுக்கு முன்னால ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு சாமியார் மூணு பேர்ட்டயும் வாசிக்கக் குடுங்க, ஒவ்வொருத்தரும் எந்த வரில பேனாவ வச்சாங்கன்னு பாத்து அந்த வரிய மறுபடி எழுதுங்க.